வாரத் திட்டமும் களத்து மாற்றமும்: என்.எஃப்.எல். ஆட்டங்களை வெல்வது எது?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் ஒரு வாரம் முழுவதும் உட்கார்ந்து தீட்டும் திட்டம் ஆட்டத்தை வெல்கிறதா, அல்லது ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பயிற்சியாளர் செய்யும் மாற்றங்கள் வெல்கின்றனவா என்பது கேள்வி. முதல் பாதியில் திணறிய அணி இடைவேளைக்குப் பின் வேறொரு அணியாக வந்து நிற்பது எப்படி என்பதும், தொலைக்காட்சியில் பார்க்கும் ஒருவர் இதை எப்படி அடையாளம் காண்பது என்பதும் அதன் துணைக் கேள்விகள். என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஞாயிற்றுக்கிழமை களத்தில் ஒரு பயிற்சியாளர் எதையெல்லாம் மாற்ற முடியும் என்பதற்கான எல்லை அதற்கு முந்தைய நாட்களிலேயே வரையப்பட்டுவிடுகிறது. நாம் வியந்து பார்க்கும் மாற்றங்களில் பெரும்பாலானவை முன்பே கற்பிக்கப்பட்டு, ஒத்திகை பார்க்கப்பட்டு, பயன்படுத்தாமல் வைத்திருந்த சரக்கிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்தச் சரக்கிலிருந்து எதை, எப்போது எடுப்பது என்பதில்தான் பயிற்சியாளர்கள் ஒருவரிலிருந்து ஒருவர் வேறுபடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆடும் அணி ஒன்றின் வழக்கமான வாரத்தை எடுத்துக்கொள்வோம். திங்களன்று முந்தைய ஆட்டத்தின் ஒளிப்பதிவைப் பார்த்து ஒவ்வொரு வீரரையும் மதிப்பிடுவார்கள். செவ்வாயன்று வீரர்களுக்கு ஓய்வு. பயிற்சியாளர்கள் அடுத்த எதிரணியின் அண்மைக்கால ஆட்டங்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்துக்கொண்டு இரவு வரை திட்டம் வகுப்பார்கள். புதனன்று முதல் இரண்டு டவுன்களுக்கான நகர்வுகள் (டவுன் என்பது பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் ஒன்று), வியாழனன்று மூன்றாவது டவுனுக்கானவை, வெள்ளியன்று எதிரணியின் கோல் கோட்டுக்கு 20 யார்டுக்குள் ஆடுவதற்கானவை என்று வீரர்களிடம் தவணை முறையில் சேர்ப்பார்கள். சனிக்கிழமை மெதுவாக நடந்து பார்க்கும் ஒத்திகை. அணிக்கு அணி சிறு வேறுபாடுகள் இருந்தாலும் சட்டகம் இதுதான். நேரமோ மிகக் குறைவு. 2011-இல் உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, முழுக் கவசம் அணிந்து மோதிப் பழகும் பயிற்சிகளைப் பருவம் முழுவதற்கும் 14 முறை மட்டுமே நடத்தலாம். ஆகவே புதன்கிழமை சொல்லித்தராத ஒன்றை ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பாதியில் பதினொரு பேரும் பிழையின்றிச் செய்வார்கள் என்று எந்தப் பயிற்சியாளரும் எதிர்பார்ப்பதில்லை.

திட்டம் என்பது, இன்னின்ன நகர்வுகளை இன்ன வரிசையில் ஆடுவோம் என்ற பட்டியல் அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு ஆட்டத்தில் தாக்குதல் அணி ஏறத்தாழ 60 முதல் 65 நகர்வுகள் வரை ஆடும். பயிற்சியாளர் கையிலிருக்கும் அந்தப் பெரிய அட்டையில் அதைவிடக் கணிசமாகக் கூடுதலான நகர்வுகள் இருக்கும். மூன்றாவது டவுனில் ஒரு யார்டு தேவைப்பட்டால் இவை, எட்டு யார்டு தேவைப்பட்டால் இவை, சொந்தக் கோல் கோட்டருகே மாட்டிக்கொண்டால் இவை, இரண்டு நிமிடம் மட்டும் எஞ்சியிருந்தால் இவை என்று நிலைமை வாரியாக அவை பிரிக்கப்பட்டிருக்கும். அதாவது, மாற்றத்துக்கான இடம் அட்டைக்குள்ளேயே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

தொடக்க நகர்வுகளை முன்கூட்டியே எழுதிவைக்கும் பழக்கத்தைப் புகழ்பெறச் செய்தவர் சான் பிரான்சிஸ்கோ 49-அர்ஸ் அணியின் பில் வால்ஷ். சின்சினாட்டியில் பால் பிரவுனிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தபோது சில நகர்வுகளில் தொடங்கிய அந்த வழக்கத்தை அவர் சான் பிரான்சிஸ்கோவில் 25 நகர்வுகள் வரை வளர்த்தார். எண்பதாயிரம் பேர் கூச்சலிடும் அரங்கில், நொடிகளுக்குள் எடுக்கும் முடிவைவிட, வாரநாளில் அமைதியான அறையில் எடுக்கும் முடிவு மேலானது என்பது அவருடைய வாதம். ஆனால் அந்தப் பட்டியலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வெவ்வேறு அமைப்புகளில் வீரர்களை நிறுத்திக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் எதிரணியின் தற்காப்பு எப்படி நகர்கிறது என்று முதல் கால்பகுதியிலேயே குறித்துக்கொண்டால், பிற்பாதியில் எதை எடுத்து ஆடலாம் என்பது தெரிந்துவிடும். முன்பே எழுதி வைத்த பட்டியலே பின்னால் செய்யப்போகும் மாற்றங்களுக்கான தகவலைத் திரட்டிக் கொடுக்கிறது என்பதைக் கவனித்தால், திட்டத்தையும் மாற்றத்தையும் இரண்டு முகாம்களாகப் பிரிப்பதில் ஏன் எனக்கு உடன்பாடில்லை என்பது விளங்கும்.

களத்தில் மாற்றம் செய்வதற்கான கருவிகளும் குறைவு. பயிற்சியாளரின் குரல், தாக்குதலை நடத்திப் பந்தை வீசும் வீரரான குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் ஒலிக்கும் வசதி 1994-இல் வந்தது. தற்காப்பில் ஒருவருக்கு அதே வசதி 2008-இல் கிடைத்தது. ஆனால் அடுத்த நகர்வைத் தொடங்குவதற்கான 40 நொடி கடிகாரத்தில் 15 நொடி எஞ்சியிருக்கும்போது அந்தத் தொடர்பு துண்டிக்கப்பட்டுவிடும். அதன் பிறகு குவார்ட்டர்பேக் தனியாள். பக்கக்கோட்டில் 2014 முதல் கைக்கணினிகள் வந்திருந்தாலும், பல ஆண்டுகளாக அவற்றில் காட்ட அனுமதிக்கப்பட்டவை ஸ்னாப்புக்கு (நகர்வைத் தொடங்கப் பந்தைப் பின்னால் தருவதற்கு) முன்னும் பின்னும் மேலிருந்து எடுத்த நிழற்படங்கள்தாம். கிரிக்கெட்டில் ஒரு அணித்தலைவர் கையசைத்து ஒரு ஃபீல்டரை நாலடி தள்ளி நிறுத்துவது போன்ற எளிய மாற்றம் இங்கே கிடையாது. தற்காப்பில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் ஒரு லைன்பேக்கரின் பொறுப்பை மாற்றினால் அவருக்குப் பின்னால் நிற்கும் சேஃப்டியின் பொறுப்பும், பக்கத்திலிருக்கும் கார்னர்பேக்கின் பொறுப்பும் கூடவே மாறும். பதினொரு பேரில் ஒருவருக்கு அது விளங்கவில்லை என்றால் டச்டவுன் (எதிரணி பந்தோடு கோல் கோட்டைக் கடந்து புள்ளி எடுப்பது) போய்விடும்.

இடைவேளை பற்றிய நம்பிக்கைதான் இதில் மிகவும் மிகைப்படுத்தப்பட்டது. வழக்கமான ஆட்டத்தில் அது சுமார் 13 நிமிடங்கள். வீரர்கள் உள்ளே நடந்து போய்த் திரும்பி வருவதையும், காயங்களுக்குக் கட்டுப் போடுவதையும், கழிப்பறைக்குப் போவதையும் கழித்தால் பேசுவதற்குச் சில நிமிடங்களே மிஞ்சும். தன் 18 பருவ வாழ்க்கையில் இடைவேளையில் ஒரு மாற்றமும் செய்ததாக நினைவில்லை என்று குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். உள்ளே போய் இரண்டு ஆரஞ்சுச் சுளைகளைத் தின்று முடிப்பதற்குள் கிளம்பச் சொல்லிவிடுவார்கள் என்பது அவர் விவரிப்பு. அதில் மிகையுண்டு என்றாலும் உண்மை நிறையவே உண்டு. உண்மையான திருத்தங்கள் ஒரு டிரைவ் (ஓர் அணி பந்தை வைத்துத் தொடர்ந்து ஆடும் தாக்குதல்) முடிந்து அடுத்தது தொடங்கும் வரையிலான இடைவெளியில், பெஞ்சில் படங்களைப் பார்த்தபடியே செய்யப்படுகின்றன. மேனிங்கோ அதற்கும் முன்னால், ஸ்னாப்புக்கு முந்தைய நொடிகளில் நகர்வையே மாற்றிச் சொல்வதில் பேர்போனவர்; இடைவேளை அவருக்குத் தேவைப்படாததில் வியப்பில்லை.

திட்டமும் மாற்றமும் ஒரே ஆட்டத்தில் இருவேறு பக்கங்களில் துல்லியமாகத் தெரிந்த ஆட்டம் என்று கேட்டால், 2019 பிப்ரவரி 3 அன்று அட்லாண்டாவில் நடந்த 53-ஆவது சூப்பர் பவுலை, அதாவது பருவத்தின் இறுதி ஆட்டத்தைச் சொல்வேன். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 13, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 3. சூப்பர் பவுல் வரலாற்றிலேயே இரு அணிகளும் சேர்ந்து மிகக் குறைந்த புள்ளிகள் எடுத்த ஆட்டம் என்பதால் பலர் அதைச் சலிப்பூட்டும் ஆட்டம் என்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு அது திரும்பத் திரும்பப் பார்க்கத் தகுந்த ஆட்டம்.

ராம்ஸ் அணியின் இளம் பயிற்சியாளர் ஷான் மெக்வேயின் தாக்குதல் அந்தப் பருவம் முழுவதும் எல்லோரையும் திணறடித்தது. பெரும்பாலும் ஒரே வகை வீரர்களை, அதாவது வீசும் பந்தைப் பிடிக்கும் மூன்று ரிசீவர்கள், தடுக்கவும் பிடிக்கவும் செய்யும் ஒரு டைட் எண்ட், பந்தோடு ஓடும் ஒரு ரன்னிங் பேக் என்ற சேர்க்கையையே களத்தில் வைத்துக்கொண்டு, ஓட்டமும் வீச்சும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றும்படி ஆடுவது அவருடைய பாணி. பேட்ரியட்ஸ் அந்தப் பருவத்தில் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காக்கும் முறையை நம்பிய அணி. இறுதி ஆட்டத்துக்கு அவர்கள் அந்த அடையாளத்தையே கழற்றி வைத்துவிட்டு, தொடக்க டவுன்களில் பகுதி பிரித்துக் காக்கும் முறைக்கு மாறினார்கள். முன்வரிசையில் ஆறு பேரை நிறுத்தி, ராம்ஸ் ஓட்டங்கள் பக்கவாட்டில் விரியும் பாதையை அடைத்தார்கள். 2018 டிசம்பரில் சிகாகோ பியர்ஸ் இதே ராம்ஸை 15-6 என்று முடக்கிய ஆட்டம் எல்லாரும் பார்த்ததுதான். பேட்ரியட்ஸின் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிச்சிக்கும், தற்காப்பு நகர்வுகளை அழைத்த பிரையன் ஃப்ளோரஸும் அதைத் தங்கள் வீரர்களுக்கு ஏற்பத் தைத்துக்கொண்டார்கள். ராம்ஸ் தன் முதல் எட்டு டிரைவ்களையும் புள்ளியின்றி, பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுத்தே முடித்தது. தன்னைவிட எதிரணியின் பயிற்சியாளர்கள் மேலாகச் செயல்பட்டார்கள் என்று மெக்வே ஆட்டம் முடிந்ததும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இது முழுக்க முழுக்க வாரத் திட்டத்தின் வெற்றி. மெக்வேக்கு மாற்று யோசனைகள் தோன்றாமல் இருந்திருக்காது. ஒரே சேர்க்கையில் பருவம் முழுவதும் பழகிய அணிக்கு, வேறு சேர்க்கையில் ஆடிப் பார்க்கும் சரக்கு கையில் குறைவாக இருந்தது என்பதே என் கணிப்பு.

மறுபக்கம், பேட்ரியட்ஸ் தாக்குதலும் திணறிக்கொண்டுதான் இருந்தது. நான்காவது கால்பகுதி வரை 3-3. ராம்ஸ் தற்காப்பை வழிநடத்திய வேட் பிலிப்ஸ் அனுபவசாலி. வாரம் முழுவதும் தீட்டிய திட்டம் அவரிடம் எடுபடவில்லை. அப்போது தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஜோஷ் மெக்டேனியல்ஸ், இரண்டு டைட் எண்ட், இரண்டு பேக், ஒரே ஒரு ரிசீவர் என்ற கனத்த சேர்க்கையைக் களத்துக்கு அனுப்பினார். அப்படிப்பட்ட சேர்க்கை வந்தால் ஓட்டம் வரும் என்று எண்ணி எதிரணியும் கூடுதல் லைன்பேக்கர்களை அனுப்பும். ராம்ஸும் அப்படியே செய்தது. ஆனால் பேட்ரியட்ஸ் அந்த ஐந்து பேரையும் களத்தின் அகலம் முழுவதும் பரப்பி நிறுத்தி, குவார்ட்டர்பேக் டாம் பிரேடியைத் தனியாக விட்டது. ஓட்டத்தைத் தடுக்க வந்த கனத்த லைன்பேக்கர்கள் இப்போது திறந்த வெளியில் ஜூலியன் எடல்மனையும் ராப் கிரான்கவ்ஸ்கியையும் துரத்த வேண்டியதாயிற்று. ஏறத்தாழ ஒரே நகர்வைத் திரும்பத் திரும்ப ஆடினார்கள். கிரான்கவ்ஸ்கிக்கு 18 யார்டு, எடல்மனுக்கு 13, ரெக்ஸ் பர்க்ஹெட்டுக்கு 7, மறுபடி கிரான்கவ்ஸ்கிக்கு 29. அடுத்து சோனி மிஷெல் 2 யார்டு ஓடி டச்டவுன். ஐந்து நகர்வுகளில் 69 யார்டு. ஆட்டத்தின் ஒரே டச்டவுன் அதுதான்.

அந்தச் சேர்க்கையை அப்படி விரித்து ஆடுவது அந்த ஆட்டத்துக்கான திட்டத்தில் இருக்கவில்லை என்பதைப் பேட்ரியட்ஸ் தரப்பே பின்னர் சொன்னது. இதை வைத்து, களத்தில் பிறந்த மேதைமை என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அந்த வர்ணனை பாதிதான் சரி. அந்த நகர்வு பிரேடிக்கும் எடல்மனுக்கும் பல ஆண்டுகளாக உள்ளங்கை ரேகை போலத் தெரிந்த ஒன்று; பெயரைச் சொன்னால் போதும், ஒவ்வொருவரும் தன் இடத்துக்குப் போய்விடுவார்கள். மெக்டேனியல்ஸ் அன்று புதிதாகச் செய்தது, பழகிய நகர்வைப் பழகாத ஆட்களின் சேர்க்கையோடு இணைத்தது மட்டுமே. அந்த வாரத்துத் திட்டத்துக்கு வெளியே போனாலும், ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த சரக்குக்கு வெளியே அவர் போகவில்லை.

இடைவேளைக்குப் பிந்தைய மாற்றம் என்றால் உண்மையிலேயே எதிரணியின் முகத்தை மாற்றிய ஒன்றும் இருக்கிறது. 2022 ஜனவரி 30 அன்று கான்சஸ் சிட்டியில் நடந்த அரையிறுதியில் உள்ளூர் அணியான சீஃப்ஸ் 21-3 என்று முன்னிலை பெற்றது. முதல் பாதியில் அதன் குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ் 21 வீச்சுகளில் 18-ஐ நிறைவேற்றி 220 யார்டும் 3 டச்டவுனும் எடுத்திருந்தார். இரண்டாம் பாதியில் சின்சினாட்டி பெங்கால்ஸின் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் லூ அனரூமோ, மூன்று பேரை மட்டும் முன்னால் விரையச் சொல்லி, எட்டுப் பேரைப் பின்னால் காக்க வைக்கும் நகர்வை அடிக்கடி அழைக்கத் தொடங்கினார். கேட்பதற்கு விந்தையாக இருக்கும்: குவார்ட்டர்பேக்குக்கு நெருக்கடியைக் குறைத்து எப்படி அவரை முடக்குவது? மஹோம்ஸுக்கு நேரம் கிடைத்தது, ஆனால் வீச இடம் கிடைக்கவில்லை. பந்தைப் பிடித்துக்கொண்டே அலைந்தார், பொறுமை இழந்தார். இரண்டாம் பாதியிலும் கூடுதல் நேரத்திலும் சேர்த்து 18 வீச்சுகளில் 8 மட்டுமே நிறைவேறின. 55 யார்டு, 2 இடைமறிப்புகள். பெங்கால்ஸ் 27-24 என்று வென்றது. இங்கேயும் பின்கதை உண்டு. நான்கு வாரங்களுக்கு முன், ஜனவரி 2 அன்று, இதே இரு அணிகள் மோதியபோதும் முதல் பாதியில் 28 புள்ளி எடுத்த சீஃப்ஸ் இரண்டாம் பாதியில் 3 மட்டுமே எடுத்துத் தோற்றது. மஹோம்ஸை நிறுத்தும் வழி எது, எது வழியல்ல என்று அனரூமோ ஏற்கெனவே ஒரு முறை சோதித்துப் பார்த்திருந்தார்.

இதற்கு நேர்மாறாக, மாற்றம் போலத் தோன்றிய திட்டம் ஒன்று. 2023 பிப்ரவரியில் நடந்த 57-ஆவது சூப்பர் பவுலின் இடைவேளையில் பிலடெல்பியா ஈகிள்ஸ் 24-14 என்று முன்னிலை. முடிவில் சீஃப்ஸ் 38-35 என்று வென்றது. நான்காவது கால்பகுதியில் கடேரியஸ் டோனியும் ஸ்கை மூரும் பக்கத்தில் ஓர் ஈகிள்ஸ் வீரர்கூட இல்லாமல் டச்டவுன் பிடித்தார்கள். இரண்டுமே ஒரே உத்தி: ரிசீவர் ஸ்னாப்புக்கு முன் உள்நோக்கி ஓடுவதுபோல் தொடங்கிச் சட்டென்று திரும்பி வெளியே ஓடுவது. உள்நோக்கி ஓடும் ஆளைக் கண்டதும் ஈகிள்ஸ் வீரர்கள் தங்களுக்குள் பொறுப்பை மாற்றிக்கொள்வார்கள் என்பதை, பருவத்தின் தொடக்கத்தில் அவர்கள் ஜாக்சன்வில் அணியோடு ஆடிய ஆட்டத்தின் ஒளிப்பதிவிலிருந்து சீஃப்ஸ் கண்டெடுத்திருந்தது. அரங்கில் இருந்தவர்களுக்கு அது சீஃப்ஸ் பயிற்சியாளர் ஆண்டி ரீட் இடைவேளையில் கண்டுபிடித்ததுபோல் தோன்றியிருக்கலாம். இதில் எனக்கு இன்னும் சுவையானது வேறு: இரண்டு டச்டவுன்களுக்கும் இடையே ஆட்டக் கடிகாரத்தில் கழிந்தது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. ஈகிள்ஸ் தாக்குதல் உடனே பந்தை உதைத்துக் கொடுத்தது. டோனி அதைப் பிடித்து 65 யார்டு ஓடிக் கோல் கோட்டருகே கொண்டுபோய்ச் சேர்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து படத்தைப் பார்த்து, என்ன தவறு என்று பேசி முடிப்பதற்குள் தற்காப்பு மறுபடி களத்தில் நிற்க வேண்டியிருந்தது, களத்தின் மறுபக்கத்தில் அதே வலை விரித்திருந்தது.

மாற்றத்தின் கடினமான பகுதி, என்ன மாற்றுவது என்பதைவிட, மாற்ற வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது. ஒரு பாதியில் ஒரு அணிக்கு ஐந்து அல்லது ஆறு டிரைவ்கள்தாம் கிடைக்கும். ஒரு நகர்வு தோற்றால் அது திட்டத்தின் கோளாறா, வழுக்கி விழுந்த ஒரு வீரரின் கோளாறா, எதிரணி வீரரின் தனித்திறமையா என்று அவ்வளவு சிறிய சான்றிலிருந்து பிரித்தறிய வேண்டும். 1991 ஜனவரியில் நடந்த 25-ஆவது சூப்பர் பவுலில், நியூயார்க் ஜயன்ட்ஸின் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்த பெலிச்சிக், பஃபலோ பில்ஸின் வேகமான வீச்சு ஆட்டத்தைத் தடுப்பதற்காக முன்வரிசையில் ஆட்களைக் குறைத்துப் பின்னால் கூட்டினார். பில்ஸின் ரன்னிங் பேக் தர்மன் தாமஸ் 100 யார்டுக்கு மேல் ஓடினாலும் பரவாயில்லை என்று தன் வீரர்களிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்தார். தாமஸ் 135 யார்டு ஓடினார்; நான்காவது கால்பகுதியின் தொடக்கத்தில் 31 யார்டு ஓடி டச்டவுனும் எடுத்தார். பதற்றப்படும் பயிற்சியாளர் அந்த இடத்தில் ஓட்டத்தை அடைக்க ஆட்களை முன்னால் இழுத்திருப்பார், பில்ஸின் ரிசீவர்களுக்கு வழி திறந்திருக்கும். ஜயன்ட்ஸ் 20-19 என்று வென்றது. அந்தத் திட்டம் இன்று ஒஹாயோவின் கேன்டன் நகரில் உள்ள கால்பந்துப் புகழ் மன்றத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. எதை விட்டுக்கொடுப்பது என்று முன்பே முடிவு செய்திருந்தால்தான், விட்டுக்கொடுத்தது கண்முன் நடக்கும்போது கை நடுங்காமல் இருக்க முடியும்.

மாற்றாமல் இருந்ததன் விலைக்கு 2017 பிப்ரவரி 5 அன்று ஹியூஸ்டனில் நடந்த 51-ஆவது சூப்பர் பவுலைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28-3 என்று முன்னிலையில் இருந்து 34-28 என்று கூடுதல் நேரத்தில் தோற்றது. அங்கே தேவைப்பட்ட மாற்றம் நகர்வுகளின் வடிவத்தைப் பற்றியது அல்ல, கடிகாரத்தைப் பற்றியது. 28-12 என்றிருந்தபோது, எட்டரை நிமிடம் எஞ்சிய நிலையில், ஒரு யார்டு மட்டுமே தேவைப்பட்ட மூன்றாவது டவுனில் ஃபால்கன்ஸின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் கைல் ஷனஹன் வீச்சை அழைத்தார். பேட்ரியட்ஸின் டான்டா ஹைட்டவர் ஃபால்கன்ஸ் குவார்ட்டர்பேக் மேட் ரயனிடமிருந்து பந்தைத் தட்டிப் பறித்தார். பிறகு 28-20 என்ற நிலையில், ஜூலியோ ஜோன்ஸின் அற்புதமான பிடியால் பேட்ரியட்ஸின் 22 யார்டு கோடு வரை வந்தார்கள். மூன்று முறை ஓடிவிட்டு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) உதைத்தாலே ஆட்டம் ஏறத்தாழ முடிந்திருக்கும். மாறாக, ஒரு ஓட்டம் பின்வாங்கியது, ஒரு வீச்சில் ரயன் வீழ்த்தப்பட்டு 12 யார்டு போயிற்று, ஒரு தண்டனையில் இன்னொரு 10 யார்டு போயிற்று. உதைக்கும் தொலைவையே தாண்டிப் பின்னால் தள்ளப்பட்டார்கள். ஆட்டம் முடியும்போது பேட்ரியட்ஸ் மொத்தம் 93 நகர்வுகள் ஆடியிருந்தது. ஃபால்கன்ஸ் தற்காப்பு களைத்துப் போயிருந்தது. ஷனஹனின் திட்டம் மோசமானது என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன்; பெரிய முன்னிலையை உருவாக்கித் தந்த அதே துணிச்சல், முன்னிலையைக் காக்க வேண்டிய நேரத்திலும் கைப்பிடியைத் தளர்த்தவில்லை என்பதே நடந்தது.

தொலைக்காட்சியில் இதையெல்லாம் எப்படிக் கவனிப்பது என்ற கேள்விக்கு: பந்தைப் பின்தொடர்வதைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, ஸ்னாப்புக்கு முன் எந்தெந்த ஆட்கள் உள்ளே வருகிறார்கள், யார் வெளியேறுகிறார்கள் என்று பாருங்கள். 2015-இல் நடந்த 49-ஆவது சூப்பர் பவுலில் சியாட்டிலின் கிறிஸ் மேத்யூஸ் பேட்ரியட்ஸ் கார்னர்பேக் ஒருவரைத் திணறடித்ததும், இரண்டாம் பாதியில் அந்தக் கார்னர்பேக் வெளியேற, உள்ளே வந்தவர்களில் ஒருவர் எந்த அணியாலும் தேர்வு செய்யப்படாமல் வந்த புதுமுகம் மால்கம் பட்லர். கடைசி நிமிடத்தில் ஒரு யார்டு தொலைவிலிருந்து சியாட்டில் வீசிய பந்தை இடைமறித்து 28-24 என்ற வெற்றியை உறுதி செய்தவரும் அவரே. அந்த நகர்வை வாரப் பயிற்சியில் தங்கள் சொந்த அணியினர் ஆடிக் காட்டியபோது பட்லர் அதில் ஏமாந்திருந்தார். ஆட்டத்தில் சியாட்டில் ரிசீவர்கள் ஒருவர் பின் ஒருவராக நெருக்கி நின்றதைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார். ஆளை மாற்றியது களத்தில், அந்த ஆளுக்கு நகர்வு தெரிந்திருந்தது பயிற்சித் திடலில். அடுத்த ஆட்டத்தில் இரண்டாவது, மூன்றாவது டிரைவ்களுக்கு இடையே இப்படிப்பட்ட ஆள்மாற்றம் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். இடைவேளைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.